அரை அங்குலம்

செவ்வாய்ப்பேட்டை காயலான் கடையில் அன்வர்தீன் அதை
காப்பிச் செடிக்கு மருந்தடிக்கும் பம்ப் என்று சொல்லி
எடைபோட்டு விற்றான்.
ஏற்காட்டில் ஒரு பங்களாவைக் காலி செய்தபோது
கதவுக் கீல்களோடு வந்ததாம்.
நூற்று முப்பது கிராம். தராசுக்கே கூச்சம்.
வீட்டில் இவர் புரட்டிப் பார்த்துவிட்டு
'ஃபிரிட்ஜ் கம்ப்ரசர் போட்ட குட்டி' என்றார்.

நான் பல்செட் செய்கிறவள்.
ஐந்து ரோட்டில், மாடியில், மெழுகு மணக்கும் அறை.
மேல்தாடை கீழ்த்தாடையோடு சேராவிட்டால்
எங்கே இடிக்கிறதென்று நீலத்தாள் வைத்துத் தேடுவேன்.
அந்தக் கண்ணால்தான் இதையும் பார்த்தேன்.
ஒரே சிலிண்டர், பக்கவாட்டில் புகைவாய்,
உச்சியில் ஒரு குறுக்குத் திருகு. ப்ளக் இல்லை.
அப்படியானால் நெருக்கியே நெருப்பெடுக்கும் டீசல்;
பொம்மை விமானத்தின் மூக்கில் இருந்திருக்கும்.

பேர் இருந்த இடத்தை
யாரோ அரத்தால் தேய்த்திருக்கிறார்கள்.
அவசரமாக அல்ல. பொறுமையாக, ஒரே திசையில்.

செத்தவரைப் பல்லால் அடையாளம் சொல்வார்கள்.
இதற்கு மரைதான் பல்.
மில்லிமீட்டர் திருகு ஒன்றும் ஏறவில்லை.
வெர்னியரில் துளை பன்னிரண்டு புள்ளி ஏழு:
அரை அங்குலம்.
அங்குலத்தில் யோசித்த ஏதோ ஒரு கை.
பழைய விலைப்பட்டியல்களின் ஜெராக்சில்
மூன்று கம்பெனிகள் பொருந்தின.
ஒன்றைப் புகைவாய் விலக்கியது,
இன்னொன்றை டேங்க் மூடி.
மூன்றாவதற்கு என்னிடம் இருந்த ஆதாரம்
ஆசை மட்டும்.

பிஸ்டன் இறுகிக் கிடந்தது. துருவினால் அல்ல,
எப்போதோ ஓடிமுடித்து, துடைக்காமல் வைத்து,
அரக்காகிப்போன விளக்கெண்ணெயால்.
டாக்டர் சாப்பிடப் போன நேரம்
மெழுகு உருக்கும் அடுப்பில் நூற்றிருபது டிகிரி.
பிறகு பல்செட் குளிக்கும் அதிர்வுத் தொட்டியில்,
ரிட்டயரான ஒரு தாசில்தாரின்
கீழ்த்தாடைக்குப் பக்கத்தில்.
மூன்றாம் நாள் மயிரளவு அசைந்தது.
அப்புறம் முழுச்சுற்று: மேலேறும்போது மூச்சைப் பிடித்து,
உச்சி தாண்டியதும் விட்டது.

தண்டை உருவியபோது, முன்பக்க வாஷர்
வாஷர் இல்லை.
ஓட்டைக் காலணா.
கிரீடம் மழுங்கியிருந்தது, வருஷம் நாற்பத்து நாலு.
ஓட்டைக்குள் தண்டு, அளவெடுத்த மாதிரி.
வாங்கிக்கொள்வதாகச் சொன்ன கோயம்புத்தூர் பிரேம்சந்தர்
'அதை எடுத்துட்டு ஒரிஜினல் போடுங்க, விலையே வேற' என்றார்.
எதனுடைய ஒரிஜினல் என்றேன்.
அவரிடமும் பேர் இல்லை.
அன்னதானப்பட்டி லேத்தில் வெண்கலத்தில் ஒன்று கடைந்து வந்தேன்.
மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன்.
புதிது லேசாக ஆடியது. காலணா ஆடவில்லை.
காலணாவே உள்ளே போனது.
அதுதான் காரணம் என்று இவரிடமும் சொன்னேன்.

மண்ணெண்ணெய் ஒரு பங்கு.
வாழப்பாடிச் செக்கில் ஆட்டிய விளக்கெண்ணெய் ஒரு பங்கு.
ஈத்தர் ஒரு பங்கு; அதற்கு அலைந்தது தனிக்கதை,
காலேஜ் லேப் அட்டெண்டர் சரஸ்வதன்
இரண்டு கையெழுத்து வாங்கிக்கொண்டு
இருமல் மருந்து பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தார்.

ஞாயிறு, மொட்டைமாடி. மலை மேகத்துக்குள் போயிருந்தது.
பழைய கட்டில்பலகையில் முடுக்கி,
சிறகை விரலால் சுண்டினேன்.
ஐம்பது தடவை. எண்பது.
குறுக்குத் திருகைக் கால் சுற்று இறுக்கி இன்னொன்று.
கடித்தது.
ரத்தத்தைச் சேலையில் துடைத்துக்கொண்டு மறுபடி சுண்ட,
பிடித்துக்கொண்டது.
கொடியில் காய்ந்த தலையணை உறைகள் பின்னுக்குப் பறந்தன.
எதிர்மாடியில் யாரோ 'குளவி, குளவி' என்று
குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.
நாற்பது வினாடி இருக்கும்.
டேங்க் அவ்வளவுதான்.

திங்கட்கிழமை கட்டுப்போட்ட விரலோடு
மெழுகு வழித்துக்கொண்டிருந்தேன்.
டாக்டர் எட்டிப் பார்த்து,
'எந்த நாய்மா?' என்றார்.
பேர் தெரியலை சார், என்றேன்.